ஸ்போரன்

ஸ்போரன் என்பது ஸ்காட்லாந்து ஆண்களின் மரபு உடையான கில்ட்டுடன், இடுப்பிலிருந்து முன்புறமாகத் தொங்கும்படி அணியப்படும் ஒரு பை ஆகும். ஸ்காட்டிய கேலிக் மொழியில் இச்சொல்லுக்குப் பணப்பை என்று பொருள். மரபுவழிக் கில்ட்டில் பைகள் தைக்கப்படுவதில்லை. எனவே பணம், சாவி, அட்டைகள் போன்றவற்றை ஸ்போரனிலேயே வைக்கின்றனர். பார்வைக்கு அணிகலன் போலத் தோன்றினாலும் அடிப்படையில் இது ஒரு பயன்பாட்டுப் பொருளே. இதன் கொள்ளளவு குறைவு என்பதால், உள்ளே வைக்கும் பணப்பையை அளவறிந்து தெரிவு செய்ய வேண்டியுள்ளது.

வரலாறு

இடைக்கால ஐரோப்பாவில் இடைவாரில் பை தொங்கவிடும் வழக்கம் பரவலாக இருந்தது. உடைகளில் பைகள் தைக்கப்படத் தொடங்கியபின் பிற இடங்களில் இவ்வழக்கம் மறைந்தது. ஸ்காட்லாந்தின் மேட்டுநிலப் பகுதியில் மட்டும் கில்ட்டுடன் சேர்ந்து அது நிலைத்தது. தொடக்ககால ஸ்போரன்கள் மான்தோல் அல்லது கன்றுத்தோலால் ஆன எளிய சுருக்குப்பைகளாகும். தோல் வாரை இழுத்து இவற்றின் வாயை மூடுவர். பின்னர் பையின் வாயில் பித்தளை அல்லது வெள்ளியாலான விளிம்பு பொருத்தப்பட்டது.

1746 ஆம் ஆண்டின் உடைச் சட்டம் மேட்டுநில உடையை ஆண்களுக்குத் தடைசெய்தது. படைவீரர்களுக்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது. 1782 இல் இச்சட்டம் நீக்கப்பட்டது. 1822 இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது, எழுத்தாளர் வால்டர் ஸ்காட் ஏற்பாடு செய்த விழாக்களால் இவ்வுடை மீண்டும் புகழ் பெற்றது. விக்டோரியா காலத்தில் நீண்ட குதிரைமயிர் ஸ்போரன்கள் பரவின.

ஸ்போரன் திருட்டிலிருந்து பணத்தைக் காக்கும் பையாகவும் கருதப்பட்டது. 1817 ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த வால்டர் ஸ்காட்டின் "ராப் ராய்" புதினத்தில், முறை அறியாமல் திறப்பவரைச் சுடும் கைத்துப்பாக்கி பொருத்தப்பட்ட ஸ்போரன் ஒன்று இடம்பெறுகிறது. மறைவான துப்பாக்கிகளைக் கொண்ட பழைய பணப்பை விளிம்பு ஒன்று எடின்பரோவிலுள்ள ஸ்காட்லாந்து தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது.

அமைப்பும் அணியும் முறையும்

ஸ்போரனின் பின்பக்கத்திலுள்ள சிறு வளையங்களில் தோல்வார் அல்லது சங்கிலி கோக்கப்படுகிறது. அது கில்ட்டின் பின்புறக் கண்ணிகள் வழியே சென்று இடுப்பைச் சுற்றிப் பூட்டப்படும். பையின் மேல்விளிம்பு இடைவாருக்கு ஏறத்தாழ நான்கு விரற்கிடை கீழே அமைவது வழக்கம். நடனம் ஆடும்போதும் முரசு இசைக்கும்போதும் வாகனம் ஓட்டும்போதும் பையை இடுப்பின் பக்கவாட்டுக்கு நகர்த்திக்கொள்வர்.

வகைகள்

* பகல்நேர ஸ்போரன்: பழுப்பு அல்லது கறுப்புத் தோலால் ஆனது. மடிப்பு மூடியும் தோல் குஞ்சங்களும் உடையது. அன்றாடப் பயன்பாட்டுக்கு ஏற்றது.
* இடைநிலை ஸ்போரன்: வடிவத்தில் பகல்நேர வகையை ஒத்தது. முன்பக்கம் மென்மயிர்த் தோலால் ஆனது.
* விழாக்கால ஸ்போரன்: மென்மயிர்த் தோல் முகப்பும் உலோக மேல்விளிம்பும் சங்கிலிக் குஞ்சங்களும் கொண்டது.
* விலங்குமுக ஸ்போரன்: பதப்படுத்தப்பட்ட விலங்குத் தலையே மூடியாக அமைவது. ஆர்கைல் சதர்லாந்து மேட்டுநிலப் படைப்பிரிவின் அதிகாரிகள் பேட்ஜர் என்னும் விலங்கின் தலை கொண்ட ஸ்போரனை அணிந்தனர்.
* குதிரைமயிர் ஸ்போரன்: படைப்பிரிவுகளிலும் பாக்பைப் இசைக்குழுக்களிலும் காணப்படுவது. பார்வைக்குப் பெரியதாயினும் பெரும்பாலும் இதன் உள்ளறை சிறியது.

உள்ளே வைக்கும் பணப்பை

காற்சட்டைக்கென உருவாக்கப்பட்ட இருமடிப்புப் பணப்பையை ஸ்போரனுள் வைப்பது பொதுவான தவறாகும். பல ஸ்போரன்களில் வாய், பையின் உடலைவிடக் குறுகியது. ஆகவே பணப்பையை ஸ்போரனின் வெளி அகலத்தோடு ஒப்பிடக் கூடாது. திறந்த வாயின் அகலத்தையும் உள்ளாழத்தையும் அளந்தே வாங்க வேண்டும். தடித்த பணப்பை மூடியை முழுதாக மூடவிடாமல் முகப்பைப் புடைக்கச் செய்யும்.

பிரித்தானியாவில் புழங்கும் பணம் மற்றும் அட்டைகளின் அளவுகள்:

* வங்கி அட்டை: 85.6 x 54 மி.மீ.
* 5 பவுண்ட் தாள்: 125 x 65 மி.மீ.
* 10 பவுண்ட் தாள்: 132 x 69 மி.மீ.
* 20 பவுண்ட் தாள்: 139 x 73 மி.மீ.
* 1 பவுண்ட் நாணயம் (2017 முதல்): 23.4 மி.மீ. அகலம், 2.8 மி.மீ. தடிப்பு, 8.75 கிராம்
* 2 பவுண்ட் நாணயம்: 28.4 மி.மீ. விட்டம், 12 கிராம்

அட்டையை மடிக்க இயலாது என்பதால் பணப்பையின் குறைந்தபட்ச அளவை அதுவே முடிவு செய்கிறது. ஏறத்தாழ 95 x 65 மி.மீ. அளவுள்ள அட்டையுறை போதுமானது. 20 பவுண்ட் தாளை ஒருமுறை மடித்தால் 70 x 73 மி.மீ. ஆகும். அது இவ்வுறையில் அடங்காது. மூன்றாக மடித்தால் 46 x 73 மி.மீ. ஆகி எளிதில் அடங்கும். தற்போதைய தாள்கள் பாலிமரால் ஆனவை என்பதால் மடிப்பில் நில்லாமல் விரிய முயலும். ஆகவே தாள்களுக்கு மூடியுள்ள அறையோ பற்றியோ இருப்பது நல்லது.

நாணயங்களின் எடையும் கருத்தில் கொள்ளத்தக்கது. பத்து 1 பவுண்ட் நாணயங்கள் 87.5 கிராம் எடை கொண்டவை. அடுக்கினால் 28 மி.மீ. உயரம் வரும். பையில் தளர்வாகக் கிடந்தால் நடக்கும்போது ஒலி எழுப்புவதுடன், உள்துணியையும் தேய்க்கும். எடை மிகுந்தால் பை முன்னும் பின்னும் ஆடும், வார் கோத்த வளையங்களும் தளரும். இதைத் தவிர்க்க ஜிப் வைத்த தட்டையான நாணயப் பை உகந்தது. குதிரை இலாட வடிவிலுள்ள தோல் நாணயப் பையில், மூடியே தட்டாக விரிவதால் சில்லறையை எடுப்பது எளிது. எனினும் இதன் தடிப்பு குறுகிய விழாக்கால ஸ்போரனுக்குப் பொருந்தாமல் போகலாம். அவ்வகைக்கு அட்டையுறையும் மடித்த தாள்கள் சிலவுமே போதும்.

சில தற்கால ஸ்போரன்களின் மூடியில் காந்தப் பொத்தான் உள்ளது. தங்குவிடுதிகளின் காந்தப்பட்டைச் சாவி அட்டைகள் அதன் அருகில் இருந்தால் பதிவு அழிந்துவிடக்கூடும். அவற்றைப் பொத்தானிலிருந்து விலக்கி, பையின் அடியில் வைப்பது பாதுகாப்பானது. உலோக முனைகள் உள்ள பணப்பைகளையும் சாவிக்கொத்துகளையும் உறையிட்டு வைப்பது உள்துணியைக் காக்கும்.

சட்டக் கட்டுப்பாடுகள்

விழாக்கால ஸ்போரன்கள் பல கடல்நாய்த் தோலால் செய்யப்பட்டன. ஐக்கிய அமெரிக்காவின் 1972 ஆம் ஆண்டுக் கடற்பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டம் இவ்வகைப் பொருள்களின் இறக்குமதியைப் பொதுவாகத் தடைசெய்கிறது. 2009 இல் ஐரோப்பிய ஒன்றியமும் கடல்நாய்ப் பொருள்களின் வணிகத்துக்குச் சில விலக்குகளுடன் தடை விதித்தது. இதனால் மாட்டுத்தோல், முயல்தோல், செயற்கை மயிர் ஆகியவற்றாலான ஸ்போரன்கள் பெருகின. பழைய ஸ்போரனுடன் அயல்நாடு செல்வோர், அது எவ்விலங்கின் தோல் என்பதை முன்பே அறிந்துகொள்ளுதல் நன்று. இல்லையெனில் சுங்கத்தில் பை பறிமுதல் செய்யப்படக்கூடும்.

இவற்றையும் பார்க்கவும்

* கில்ட்
* டார்ட்டன்
* பாக்பைப்