வட்டின் மேல் ஒரு கரித்தோல்

புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் ஆலய வளாகத்தில் ஒரு பழைய கருங்கல் பாறை இருக்கிறது. செரோக் தொக்குன் கல்வெட்டு என்பார்கள். எழுத்துகளைப் பல நூற்றாண்டுகளுக்கு முன் யாரோ அதில் கீறிவைத்தார்கள். 1845இல் கர்னல் ஜேம்ஸ் லோ அவற்றை வெளியுலகுக்குச் சொன்னார். ஆக, இந்த ஊரின் மிகப் பழைய ஆவணமே ஒரு கீறல்தான். பிற்காலத்தில் இந்த ஊர் இருக்கும் செபராங் பிறையிலிருந்து கம்பெனி பஸ் ஏறிப் பாலம் கடந்து பினாங்குத் தீவின் ஆலைகளுக்குப் போனவர்களில் சிலருக்கு வாய்த்த வேலை இதற்கு நேர் எதிரானது: கீறல் விழாத பரப்பைச் செய்வது.

அந்தப் பரப்பு, கணினியின் ஹார்ட் டிஸ்க்குக்குள் சுழலும் வட்டு. கீறலைத் தாங்கும் பூச்சு என்றதும் கைப்பேசிக் கண்ணாடிதான் நினைவுக்கு வருகிறது. அதற்கு வெகுகாலம் முன்பே வீட்டு மின்னணுக் கருவிகளுக்குள் அதைவிடக் கடினமான பூச்சு ஒன்று சத்தமில்லாமல் உழைத்துக்கொண்டிருந்தது.

தொடக்கத்தில் அது வெறும் பெயின்ட். 1956இல் ஐபிஎம் வெளியிட்ட ரேமாக் இயந்திரத்தில் 24 அங்குல வட்டுகள் 50 இருந்தன. இரும்பு ஆக்சைடு கலந்த பெயின்டைச் சுழலும் வட்டின் நடுவில் ஊற்றிப் பரவவிட்டார்கள். அத்தனை வட்டுகளும் சேர்ந்து கொண்டது 50 லட்சம் எழுத்துகள். படிக்கும் முனை வட்டுக்கு மேல் 20 மைக்ரோமீட்டர் உயரத்தில் நின்றது. அந்த இடைவெளியில் பூச்சு கொஞ்சம் கரடாக இருந்தாலும் பாதகமில்லை.

சிக்கல் 1973இல் வந்த ஐபிஎம் 3340 வட்டகத்தோடு (ஹார்ட் டிஸ்க்கோடு) தொடங்கியது. இயந்திரம் நின்றால் முனை வட்டின் மேலேயே இறங்கி உட்காரும்; மறுபடி ஓடத் தொடங்கும்போது உரசிக்கொண்டே எழும்பும். அதிகத் தகவலை அடைக்க வேண்டுமானால் முனை இன்னும் தாழப் பறக்க வேண்டும். பெயின்ட் போய், வெற்றிடத்தில் படியவைத்த கோபால்ட் கலவைப் படலம் வந்தது. அது மெல்லியது, உரசினால் பெயர்வது, ஈரக்காற்றில் அரிபடுவது. அதைக் காக்கத்தான் கரிப் பூச்சு.

செய்முறை சுவையானது. அலுமினிய வட்டுக்கு முதலில் மின்சாரமில்லா முறையில் நிக்கல்-பாஸ்பரஸ் முலாம். பிறகு பளபளக்கத் தேய்ப்பார்கள். வெற்றிட அறையில் காந்தப் படலம் ஏறும். அடுத்து, ஆர்கான் பிளாஸ்மா கிராஃபைட் தகட்டை மோதும்போது தெறிக்கும் கரி அணுக்கள் வட்டின் மேல் படியும். கூடவே ஹைட்ரஜனோ நைட்ரஜனோ சேர்த்தால் படலத்தின் குணம் மாறும். பென்சில் கரியும் வைரமும் ஒரே தனிமம்; இந்தப் படலம் இரண்டுக்கும் நடுவில் நிற்பது. 1971இல் ஆய்வாளர்கள் ஐசன்பெர்க்கும் ஷபோவும் அயனிக் கற்றையால் இப்படிப்பட்ட வைரம்போன்ற கரியை உருவாக்கிக் காட்டியிருந்தார்கள். கடைசியாக, ஏறக்குறைய ஒரு நானோமீட்டர் மசகு.

கடினம் மட்டும் போதவில்லை. பரப்பை மிகவும் மழமழப்பாக்கியபோது முனை வட்டோடு ஒட்டிக்கொண்டு, மோட்டாரால் சுழற்றவே முடியாமல் போனது. ஆகவே 1990களில் முனை இறங்கும் வளையத்தில் மட்டும் லேசரால் நுண்ணிய மேடுகளை எழுப்பினார்கள். இவ்வளவு பாடுபட்டு வழவழப்பாக்கிய பரப்பை வேண்டுமென்றே கெடுப்பதைப் பொறியாளர்கள் முகம் சுளிக்காமல் செய்திருப்பார்களா என்பது சந்தேகம்தான்.

இந்தத் தொழில் பினாங்குக்கு வந்ததற்கு அடித்தளம் 1972இல் பாயான் லெப்பாஸில் போடப்பட்டது. முதலமைச்சர் லிம் சோங் யூ காலத்துச் சுதந்திர வர்த்தக வலயம் அது. இன்டெல் முதலான கம்பெனிகள் வந்தன. 1985இல் பாலம் திறந்தபின் பெருநிலத்திலிருந்து வேலைக்குப் போவது எளிதானது. ரப்பர்த் தோட்டத்து லயன் வீடுகளில் பிறந்த பிள்ளைகளுக்கு ஷிப்ட் வேலை ஒரு வெளிவாசல். 1983இல் கலிபோர்னியாவில் தொடங்கிய கோமாக், 1990களின் தொடக்கத்தில் பினாங்கில் வட்டுகள் செய்ய வந்தது. புக்கிட் மெர்தாஜாமுக்குக் கிழக்கே கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவில் ஃபூஜி எலக்ட்ரிக்கும் வட்டு செய்தது. விலைப்போட்டி கடுமையானது: 2001இல் கோமாக் திவால் பாதுகாப்பு கோரியது, உற்பத்தியை மலேசியாவில் குவித்துக்கொண்டு மீண்டது, 2007இல் சுமார் 100 கோடி டாலருக்கு வெஸ்டர்ன் டிஜிட்டலிடம் போனது. முதலாளி மாறினாலும் வட்டு செய்யும் கைத்திறன் இங்கேயே தங்கியது.

அந்த 2001இல்தான் ஐபாட் வந்தது. உள்ளே 1.8 அங்குல வட்டு, 5 ஜிபி. அதன் பளபளத்த எஃகு முதுகு சட்டைப்பையில் இருந்தே கீறல் வாங்கியது. வெளித்தோலுக்கு இல்லாத பாதுகாப்பு உள்ளிருந்த வட்டுக்கு இருந்தது!

இப்போது பாடல்களும் படங்களும் ஃபிளாஷ் சில்லுகளுக்குப் போய்விட்டன. அங்கே எதுவும் சுழல்வதில்லை. எண்ணெய்ப்பனை வளர்ந்த பத்து காவானில் ஃபிளாஷ் கம்பெனியான சான்டிஸ்கின் தொழிற்சாலை நிற்கிறது. ஆனால் தரவு மையங்கள் வட்டை விடவில்லை. நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் 3.5 அங்குல வட்டகத்தில் வட்டின் விளிம்பு மணிக்கு சுமார் 130 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அதன் கரித்தோல் இன்று 2, 3 நானோமீட்டர்தான். சில புதிய வட்டகங்களில் எழுதும் இடத்தை லேசர் 400 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்குகிறது. அந்தச் சூட்டையும் கரி தாங்க வேண்டும், மேலிருக்கும் மசகும் ஆவியாகாமல் நிற்க வேண்டும்.