ஜாகிர் போன சமயம்: மங்கலான சாட்சியும் சட்டத்தின் கோடும் – கல்வராயன் மலையை முன்வைத்து

மங்கலான தகவல் என்றால் பலவீனமான தகவல் என்ற எண்ணம் நம் நிர்வாகத்தில் ஆழமாக ஊறியிருக்கிறது. தேதி சொல்லாத சாட்சியம், சர்வே எண் இல்லாத நிலம், ‘சுமார்’ என்று தொடங்கும் வாக்குமூலம் ஆகியவை ஒரு மேசையைத் தாண்டி அடுத்த மேசைக்குப் போவதே கடினம். ஒரு தகவல் மங்கலாக இருப்பது வேறு. கேட்ட கேள்விக்கு விடை சொல்ல அது போதாமல் இருப்பது வேறு. இவ்விரண்டையும் பிரித்தறிய ஃபஸி கணக் கோட்பாடு உதவும் என்பதையும், கல்வராயன் மலையின் நில உரிமைக் கேள்வியில் அந்தப் பிரிப்புக்கு நேரடிப் பயன் உண்டு என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. அதன் மேற்கில் கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டாகக் கல்வராயன் நிற்கிறது. வடக்கே சுமார் 2,700 அடி உயரத்தில் சின்னக் கல்வராயன், தெற்கே சுமார் 4,000 அடியில் பெரிய கல்வராயன். கள்ளக்குறிச்சிப் பக்கம் வெள்ளிமலையும் சேலம் பக்கம் கருமந்துறையும் முக்கிய ஊர்கள். இங்கு பெரும்பான்மையாக வாழ்பவர்கள் மலையாளி எனப்படும் தமிழ் பேசும் பழங்குடியினர். சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்ற மூன்று ஜாகிர்களின், அதாவது பரம்பரை நில ஆட்சிகளின், கீழ் இருந்த இந்த மலையை அரசு 1976இல்தான் தன் நேரடி நிர்வாகத்துக்குள் எடுத்துக்கொண்டது. சமவெளியில் தாத்தா பெயரில் ஓர் அடங்கலோ கிஸ்து ரசீதோ தேடினால் கிடைக்கலாம். அந்தப் பதிவேட்டு மரபு மலைக்கு மிகத் தாமதமாக வந்தது. எனவே அங்கே நிலத்தின் வரலாறு பெரும்பாலும் மூத்தோரின் நினைவில் இருக்கிறது.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இதை உணர்ந்தே எழுதப்பட்டது. பழங்குடியினர் ஒருவர் 2005 டிசம்பர் 13க்கு முன்பே வன நிலத்தை அனுபவித்து வந்திருந்தால், உண்மையில் அனுபவத்தில் உள்ள பரப்புக்கு, நான்கு ஹெக்டேருக்கு மிகாமல், உரிமை கோரலாம். அதற்கான விதிகளில் 13ஆவது விதி ஏற்கத்தக்க சான்றுகளைப் பட்டியலிடுகிறது. அரசு ஆவணங்கள், நிலத்தில் போட்ட வரப்பும் சமன்படுத்தலும், கிணறு, இடுகாடு, வழிபாட்டிடம், வம்சாவளி ஆகியவற்றோடு, கோருபவர் அல்லாத மூத்தோரின் எழுத்தில் பதிந்த வாக்குமூலமும் அதில் உண்டு. ஒரு நாளைக் கூடத் தவறவிடாத துல்லியமான கோடு ஒரு பக்கம். ஆண்டு சொல்லாத நினைவு மறுபக்கம். இவை எப்படிச் சந்திப்பது?

பாகூவில் பிறந்து பெர்க்லியில் பணியாற்றிய லோட்ஃபி ஸாடே 1965இல் வெளியிட்ட கட்டுரை, ஒரு பொருள் ஒரு கணத்தில் இருக்கிறது அல்லது இல்லை என்ற இரண்டே நிலைகளுக்குப் பதிலாக, 0 முதல் 1 வரை எந்த அளவிலும் உறுப்பாக இருக்கலாம் என்று வரையறுத்தது; அதுவே ஃபஸி கணம். 1978இல் அவரே இதைச் சாத்தியக் கோட்பாடாக விரித்தார். பிரான்சின் துலூஸ் நகரைச் சேர்ந்த தீதியே துய்புவாவும் ஆன்ரி பிராடும் அதை மேலும் வளர்த்தனர். அதன்படி ஒரு மங்கலான கூற்றைக் கொண்டு ஒரு துல்லியமான கேள்வியைக் கேட்டால் இரண்டு எண்கள் கிடைக்கும். கேட்டது உண்மையாக இருக்க இடமுண்டா என்பது சாத்திய அளவு. அதன் மறுதலை எவ்வளவு சாத்தியமோ அதை 1இலிருந்து கழித்தால் வருவது நிச்சய அளவு.

ஒரு மூத்தவர் கிராம சபையில் இப்படிச் சொல்வதாக வைத்துக்கொள்வோம்: “ஜாகிர் போன சமயத்துல இருந்தே இவங்க அப்பா அந்தக் கொத்துக்காட்டுல சாமை போட்டுக்கிட்டு இருந்தாரு.” ‘ஜாகிர் போன சமயம்’ என்பதை ஓர் ஆண்டாக்கச் சொன்னால் அவர் திணறுவார், திணறுவதுதான் நேர்மை. அதை ஒரு ஃபஸி கணமாக எழுதலாம். 1974 முதல் 1978 வரை உறுப்பு மதிப்பு 1. அங்கிருந்து இருபக்கமும் சரிந்து 1970இலும் 1982இலும் 0. இனிச் சட்டத்தின் கேள்வி: அனுபவம் 2005 டிசம்பர் 13க்கு முன் தொடங்கியதா? மூத்தவர் சொன்ன காலம் முழுவதும், அதன் மிகத் தளர்ந்த ஓரம் உட்பட, கோட்டுக்கு முன்பே முடிந்துவிடுகிறது. சாத்தியம் 1, நிச்சயமும் 1. சாட்சியின் மங்கல் அப்படியே இருக்க, விடை முழுத் துல்லியமாக வந்துவிட்டது. பத்து ஆண்டு தவறாக நினைவுகூர்ந்திருந்தாலும் விடை மாறாது. தொடக்கக் காலத்தைப் பொறுத்தவரை இந்த வாக்குமூலத்துக்குத் தேதி கேட்பது தேவையற்றது. தேதி இல்லை என்று அதைத் தள்ளுவது கணக்குப்படி பிழை.

இப்போது மேற்கே ஈரோடு மாவட்டத்தின் பர்கூர் மலைக்கு வருவோம். அங்கும் மலையாளிகள் இருக்கிறார்கள். ஆனால் 1976இன் திருத்தச் சட்டம் மலையாளிகளைத் தருமபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களில் மட்டுமே பழங்குடியினராகப் பட்டியலிட்டது. பர்கூர் அப்போது இருந்த கோயம்புத்தூர் மாவட்டம் அதில் இல்லை. பட்டியலில் இல்லாதவர் இதே சட்டத்தின் கீழ் ‘பிற பாரம்பரிய வனவாசி’யாகத்தான் கோர முடியும். அவர் 2005 டிசம்பருக்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, அங்கு வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். கோடு 1930 டிசம்பருக்குப் பின்வாங்குகிறது. அங்குள்ள மூத்தவர் ‘எங்க தாத்தா காலத்துல இருந்து’ என்கிறார். அதை 1920 முதல் 1935 வரை மதிப்பு 1, 1910இலும் 1945இலும் 0 என்று வரைவோம். கோடு இந்தக் கணத்தின் நடுவயிற்றைக் கிழித்துக்கொண்டு போகிறது. சாத்தியம் 1, நிச்சயம் 0. அதே சமூகம், அதே வகை நினைவு, அதே நேர்மை. கல்வராயனில் போதுமான சாட்சி பர்கூரில் போதாமல் போவதற்குக் காரணம் சாட்சியில் இல்லை. 1976இன் மாவட்ட எல்லையில் இருக்கிறது. ‘வாய்மொழிச் சாட்சி நம்பகமற்றது’ என்ற பொதுத் தீர்ப்பு எவ்வளவு அநியாயமானது என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்டு எனக்குத் தெரியவில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. ‘ஃபஸி’ என்ற பெயரில் எழுதப்படும் பல கட்டுரைகள் இரண்டு வேறுபட்ட அறியாமைகளை ஒன்றாக்கிவிடுகின்றன. 2004இல் அந்த நிலத்தில் ஒருவர் உழுதாரா என்பது நடந்த அல்லது நடக்காத ஒன்று. நமக்குத் தெரியாமல் இருக்கலாம், நிகழ்வு மங்கலானதல்ல. அதற்கு நிகழ்தகவு போதும் என்று டென்னிஸ் லிண்ட்லி போன்ற புள்ளியியலாளர்கள் வாதிட்டது நியாயமே. ஆனால் சரிவில் ஓரிரு ஆண்டு சாமை விதைத்து, பிறகு மண் தேற விட்டுவிட்ட நிலத்தில் புதர் மண்டிக் கிடக்கும்போது, அது ‘அனுபவத்தில் உள்ள நிலமா’ என்று கேட்டால், எல்லாத் தகவலும் கையில் இருந்தாலும் ஆம், இல்லை என்று வெட்டிச் சொல்ல முடியாது. இந்த மங்கல் உலகத்திலேயே இருக்கிறது. அளவு மதிப்பு இங்கேதான் பொருந்தும். தொடக்கத் தேதியில் கிடைத்த சுலபமான வெற்றி ‘உண்மையான அனுபவம்’ என்ற சொல்லில் கிடைக்காது. விடுபட்ட ஆண்டுகளின் நீளம், சுழற்சி, வரப்பின் நிலை ஆகியவற்றைப் பொறுத்து ஒரு சரிவுக் கோட்டைச் சபையே பேசி வரைய வேண்டும்.

கோட்பாட்டின் உள்ளேயும் ஒரு கீறல் உண்டு. ஸாடேயின் விதிப்படி ‘மேலும்’ என்றால் இரண்டில் சிறிய மதிப்பு. ‘அல்ல’ என்றால் 1இலிருந்து கழிவு. பாதி காடாகிவிட்ட நிலத்தின் காட்டுத்தன்மை 0.5 என்றால், ‘இது காடு, மேலும் காடல்ல’ என்ற முரண்கூற்றுக்கும் 0.5 கிடைத்துவிடும். 1975இல் கிட் ஃபைன் இவ்வகைச் சிக்கலைக் கூர்மையாக எடுத்துக்காட்டினார். எனக்கு இது ஏற்கத்தக்க விமர்சனம். ஃபஸி கணக்கை எல்லாப் பேச்சுக்குமான தருக்கமாகக் கொள்ளாமல், குறிப்பிட்ட சான்றுகளை ஒரு முடிவை நோக்கிக் கூட்டும் கருவியாக மட்டும் கொண்டால் இந்தச் சிக்கல் எழும் இடத்துக்கே நாம் போவதில்லை.

சான்றுகளைக் கூட்டுவது எப்படி என்பதில்தான் இந்த ஆய்வின் மையம் இருக்கிறது. ஒரு கோரிக்கைக்கு மூன்று சான்றுகள். எண்கள் விளக்கத்துக்காக நான் இட்டவை. மூத்தோர் வாக்குமூலம் கோரிக்கையைத் தாங்கும் அளவு 0.8. பழைய கல்வரப்பு 0.6. செயற்கைக்கோள் படம் 0.2, ஏனென்றால் படத்தில் மரக்கவிகை அடர்த்தியாகத் தெரிகிறது. சிறியதை எடுத்தால் 0.2; கோரிக்கை செத்தது. பெரியதை எடுத்தால் 0.8, யார் என்ன சொன்னாலும் போதும் என்றாகிவிடும். சராசரி ஏறக்குறைய 0.53, எது எதை இழுத்தது என்பதே தெரியாது. 13ஆவது விதி என்ன சொல்கிறது? ஒன்றுக்கு மேற்பட்ட சான்றுகளைக் கருத வேண்டும். ‘குறைந்தது இரண்டு’ என்பதை ஃபஸி மொழியில் எழுதினால் கிடைப்பது இறங்குவரிசையில் இரண்டாவது மதிப்பு. இங்கே அது 0.6. ரொனால்ட் யேகர் 1988இல் முன்வைத்த வரிசைப்படுத்திய எடைச் சராசரியில் இது ஒரு தனிவகை.

இந்த இரண்டாவது மதிப்புக்கு ஓர் அருமையான குணம் உண்டு: புதிதாக ஒரு சான்று சேர்ந்தால் அது உயரலாம், ஒருபோதும் தாழாது. 2012இல் சேர்க்கப்பட்ட 12அ விதி, செயற்கைக்கோள் படம் மற்றச் சான்றுகளுக்குத் துணையாகலாம், மாற்றாகாது என்கிறது. குறிப்பிட்ட ஒரு வகை ஆவணத்தைத்தான் கொண்டுவர வேண்டும் என்று கோரிக்கைகளைப் பரிசீலிக்கும் கோட்ட, மாவட்டக் குழுக்கள் வற்புறுத்தக் கூடாது என்றும் சொல்கிறது. சட்டம் எழுதியவர்கள் யேகரைப் படித்திருக்க வேண்டியதில்லை. அவர்கள் சொற்களில் எழுதியது அந்தக் கணக்கோடு நன்றாகப் பொருந்துகிறது. படத்தில் பசுமை தெரிகிறது என்ற ஒன்றையே வைத்து ஒரு கோரிக்கையைத் தள்ளும் குழு, அறியாமலே ‘சிறியதை எடு’ என்ற விதிக்குத் தாவிவிடுகிறது. அது இந்தச் சட்டத்தின் கணக்கு அல்ல. ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. ஒரே வீட்டார் ஒரே கதையைச் சொல்லும் இரண்டு வாக்குமூலங்களை இரண்டாக எண்ணக் கூடாது. ஒன்றை ஒன்று சாராத சான்றுகளைத்தான் வரிசையில் நிறுத்த வேண்டும்.

அளவுபடுத்திச் சிந்திப்பது அரசுக்குப் புதிதல்ல. மலையடிவாரத்தில் கச்சிராயபாளையத்திலும் வடக்கே மூங்கில்துறைப்பட்டிலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் இருக்கின்றன. 2024–25 பருவத்துக்குக் கரும்பின் நியாய ஆதாய விலை, 10.25 சதவீதச் சர்க்கரைக் கட்டுமானத்துக்குக் குவிண்டாலுக்கு ரூ.340 ஆக இருந்தது. கட்டுமானம் 0.1 புள்ளி ஏறினால் ரூ.3.32 கூடியது, இறங்கினால் குறைந்தது. 9.5க்குக் கீழே போனாலும் ரூ.315.10க்குக் குறையவில்லை. ஒரு தளம், அதன்மேல் சீரான சரிவு: ஃபஸி பாடநூலின் முதல் படம் இதேதான். ‘நல்ல கரும்பு, கெட்ட கரும்பு’ என்று ஒரே கோட்டில் வெட்டினால் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே நிற்கும் விவசாயி மொத்தத்தையும் இழப்பார் என்பது இங்கே புரிந்திருக்கிறது. மாறாக, 64.5 மில்லிமீட்டரை எட்டினால் ‘கனமழை’ என்னும் வானிலைத் துறையின் வகைப்பாட்டில் அந்தச் சரிவு இல்லை; எச்சரிக்கைக்கு அது போதும், இழப்பீட்டுக்குப் போதாது.

இறுதியில் எங்காவது கோடு போட்டாக வேண்டும், பட்டா 0.6 அளவுக்கு வழங்கப்படுவதில்லை. கோடு எங்கே என்பதைப் பிழையின் விலைதான் தீர்மானிக்க வேண்டும். காட்டாக, 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. மெத்தனால் உடலில் ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைத் தாக்கப் பல மணி நேரம் பிடிக்கும். முதலில் தெரியும் வயிற்றுவலியும் தள்ளாட்டமும் சாதாரணப் போதையிலிருந்து பிரித்தறிய முடியாதவை. அந்த மங்கலில் காத்திருந்தால் உயிர் போகும். தேவையில்லாமல் சேர்த்துக்கொண்டால் ஒரு படுக்கை போகும். இப்படிப்பட்ட இடத்தில் 0.2 சந்தேகமே சிகிச்சை தொடங்கப் போதுமான வாசலாக இருக்க வேண்டும். நில உரிமையிலும் இரு பிழைகளின் விலை சமமல்ல. தவறாகத் தந்ததற்கு நான்கு ஹெக்டேர் என்ற உச்சவரம்பு இருக்கிறது. தவறாக மறுத்ததற்கு அப்படி ஒரு வரம்பு இல்லை; ஒரு குடும்பம் மொத்தமாக வெளியே நிற்கும்.

தமிழ்நாட்டில் ஃபஸி கணிதம் பரவலாகப் பயிலப்படுகிறது. சென்னை ஐஐடியில் பணியாற்றிய டபிள்யூ. பி. வசந்தா கந்தசாமி ஃபஸி அறிதல் வரைபடங்களை எச்ஐவி பாதித்த பெண்கள், தீண்டாமை போன்ற சமூகக் கேள்விகளுக்குக் கொண்டுபோனார். பாதிக்கப்பட்டவரின் பேச்சையே கணிதத்தின் உள்ளீடாக எடுத்த முயற்சி அது. ஆனால் நம் ஆய்வேடுகள் பெரும்பாலும் பழைய தேற்றங்களை ஃபஸி என்ற முன்னொட்டோடு மறுபடி நிறுவுவதில் நின்றுவிடுகின்றன. வெள்ளிமலையின் ஒரு கிராம சபைப் பதிவேடு அதைவிட ஆழமான சிக்கல்களைத் தரும்.

செய்யத்தக்க ஒன்று உடனே இருக்கிறது. மூத்தோர் வாக்குமூலம் பதியும் தாளில் ‘ஆண்டு’ என்ற ஒற்றைக் கட்டத்துக்குப் பதிலாக நான்கு கட்டங்கள் வைக்கலாம்: இதற்கு முன் இருக்கவே முடியாது, அநேகமாக இதிலிருந்து, அநேகமாக இதுவரை, இதற்குப் பின் இருக்கவே முடியாது. ஜாகிர் போனது, கோமுகி அணை கட்டியது, ஊருக்கு முதல் பள்ளிக்கூடம் வந்தது என்று ஊர் அறிந்த நிகழ்வுகளைக் கேட்டு, எழுதுபவரே இவற்றை நிரப்பலாம். நான்காவது கட்டத்தில் உள்ள ஆண்டு 2005க்கு முன்னால் இருந்தால், தொடக்கத் தேதி பற்றி அந்தப் பழங்குடிக் குடும்பத்திடம் மேற்கொண்டு ஒரு கேள்வியும் கேட்க வேண்டியதில்லை. கோட்டக் குழுவும் மாவட்டக் குழுவும் தங்கள் நேரத்தை அனுபவத்தின் தொடர்ச்சியைப் பார்ப்பதில் செலவிடலாம்.