சிறார் மூட்டழற்சியில் கண் அழற்சி: கண்டறிதல்

16 வயதுக்குள் தொடங்கி 6 வாரத்துக்கு மேல் நீடிக்கும் காரணம் தெரியாத மூட்டழற்சி, சில குழந்தைகளின் கண்ணையும் தாக்கும். இந்தக் கண் அழற்சியை மருத்துவர்கள் யுவியைட்டிஸ் என்பர். பெரும்பாலும் கண்ணின் முன்பகுதியில் வரும் இந்த அழற்சியில் பொதுவாக வலியோ சிவப்போ இருப்பதில்லை.

அபாயம் உள்ளவர்கள்

நோயின் முதல் 6 மாதத்தில் நான்கு மூட்டுகளுக்கு மேல் பாதிக்கப்படாதவர்கள், 7 வயதுக்குள் நோய் தொடங்கியவர்கள், ரத்தத்தில் ஏ.என்.ஏ. (அணுக்கருவுக்கு எதிரான எதிர்ப்பொருள்) காணப்படுபவர்கள் ஆகியோருக்கு அபாயம் அதிகம். முதல் நான்கு ஆண்டுகள் முக்கியமானவை. எச்.எல்.ஏ. பி27 என்னும் மரபணுக் குறியைச் சார்ந்த வகையில் கண் திடீரெனச் சிவந்து வலிக்கும். அதை 'மெட்ராஸ் ஐ' என்று விட்டுவிடக் கூடாது.

பரிசோதனை

டார்ச் வெளிச்சமோ எழுத்துப் பலகையோ போதாது. ஸ்லிட் லேம்ப் கருவியே வேண்டும். சிறு குழந்தையைத் தாயின் மடியில் அமர்த்தி, தாடையைத் தாங்கியில் வைத்து, இருட்டறையில் மெல்லிய ஒளிக்கற்றையைக் கண்ணுக்குள் செலுத்துவர். நலமான கண்ணில் முன்னறைத் திரவம் தெளிவாக இருக்கும். அழற்சி இருந்தால், ஓட்டு இடுக்கில் விழும் வெயிலில் தூசி மிதப்பதுபோல் வெள்ளணுக்கள் மிதக்கும். 1 மில்லிமீட்டர் சதுர ஒளிப்பரப்பில் 6 முதல் 15 அணுக்கள் தெரிந்தால் அழற்சியின் தரம் 1+. 50-க்கு மேல் என்றால் 4+. ஐரிஸ் லென்ஸோடு ஒட்டுதல், கருவிழியில் சுண்ணாம்புப் படிவு, கண்புரை, கண் நீர் அழுத்த நோய் ஆகியவை தாமதத்தின் அடையாளங்கள். காசநோய் போன்ற பிற காரணங்களையும் விலக்க வேண்டும்.

மூட்டழற்சி உறுதியானதுமே முதல் பரிசோதனை. அபாயம் மிக்கவர்களுக்கு 3 மாதத்துக்கு ஒருமுறை. அழற்சி கண்டறியப்பட்டால், சொட்டு மருந்து, மெத்தோட்ரெக்சேட், அடலிமுமாப் ஆகிய மருந்துகள் பார்வையைக் காக்கின்றன.

கள்ளக்குறிச்சி, கல்வராயன் மலை

2019-இல் விழுப்புரத்திலிருந்து பிரிந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரி சிறுவங்கூரில் உள்ளது. புதுச்சேரியில் ஜிப்மரும் அரவிந்த் கண் மருத்துவமனையும் இருக்கின்றன. ஆனால் கல்வராயன் மலையில் மலையாளிப் பழங்குடியினர் வாழும் வெள்ளிமலை போன்ற ஊர்களிலிருந்து மலையிறங்குவது ஒரு நாள் கூலியை விடுவதாகும். குழந்தை கண்வலி என்று சொல்லாதபோது அந்தப் பயணம் எளிதில் தள்ளிப்போகும்.

2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் நடமாடும் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கு ஆண்டில் இருமுறையும் பள்ளிகளுக்கு ஒருமுறையும் செல்கின்றன. காலையில் முழங்கால் விறைத்து நொண்டும் குழந்தையை அவர்களும் அங்கன்வாடிப் பணியாளரும் மூட்டு மருத்துவரிடம் அனுப்பினால், கண் பரிசோதனைக்கும் அங்கேயே வழி பிறக்கும். அடுத்த பரிசோதனை நாளை மருந்துச் சீட்டிலேயே எழுதித் தருவது, அறிகுறிக்காகக் காத்திருந்து பார்வை இழப்பதைத் தடுக்கும்.