ஜப்பானின் அரிசி இறக்குமதி

அரிசியில் தன்னிறைவைக் கொள்கையாகவே கொண்டிருந்த ஜப்பான், வெளிநாட்டு அரிசிக்கு நெடுங்காலம் கதவடைத்திருந்தது. 1942ஆம் ஆண்டின் உணவுக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொள்முதலையும் இறக்குமதியையும் அரசின் கையில் வைத்தது.

1993இல் கோடை குளிர்ந்து விளைச்சல் நான்கில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தது. தாய்லாந்து, சீனா, அமெரிக்கா, ஆஸ்திரேலியாவிலிருந்து அவசரமாக அரிசி வந்தது. தாய்லாந்தின் நீள அரிசி தரத்தில் குறைந்ததன்று; ஆனால் ஒட்டும் சோற்றுக்குப் பழகியவர்களுக்கு உதிரிச் சோறு பிடிக்கவில்லை. தன் நாட்டில் அன்றாட உணவான அந்த அரிசி ஜப்பானில் தேங்கிக் கிடந்தது வருந்தத்தக்கது.

உலக வர்த்தகப் பேச்சுவார்த்தையான உருகுவே சுற்றின் உடன்பாட்டின்படி, 1995 முதல் குறைந்தபட்ச அளவு இறக்குமதி கட்டாயமானது. இப்போது ஆண்டுக்கு 7,67,000 டன் (உமி மட்டும் நீக்கிய அரிசிக் கணக்கில்) அரசின் வழியாகத் தீர்வையின்றி வருகிறது. இதில் 1,00,000 டன் வரையே சாப்பாட்டு அரிசி. எஞ்சியது தீவனத்துக்கும், மிசோ போன்ற பதப்படுத்திய உணவுகளுக்கும், வெளிநாட்டு உதவிக்கும் போகிறது. 1999 முதல் இந்த அளவுக்கு வெளியே தனியாரும் இறக்குமதி செய்யலாம்; ஆனால் அதற்குக் கிலோவுக்கு 341 யென் தீர்வை செலுத்த வேண்டும்.