பப்பிக்கு மருந்துச் சீட்டு கையில்... ஒரகடத்துல எங்கே வாங்கினா செலவு குறையும்?

நைட் ஷிஃப்ட் முடிச்சு கம்பெனி பஸ்ல இருந்து இறங்கி ரூமுக்கு வர்றீங்க. வழக்கமா வாலாட்டிக்கிட்டு ஓடி வர்ற பப்பி, மூலையில சுருண்டு படுத்திருக்கு. சாப்பாட்டைத் தொடவே இல்ல. டாக்டர்கிட்ட காட்டினா, ‘உண்ணிக் காய்ச்சல், 28 நாள் மாத்திரை கொடுக்கணும்’னு சீட்டு எழுதித் தர்றார். சம்பளம் வர இன்னும் பத்து நாள் இருக்கு!

இங்கேதான் பலர் தப்பு பண்றாங்க. ஒரு வாரத்துக்கு மட்டும் மாத்திரை வாங்குவாங்க. நாலாவது நாளே நாய் ஓடியாட ஆரம்பிச்சதும், ‘சரியாகிடுச்சு’ன்னு நிறுத்திடுவாங்க. ஆனா, உடம்பில் மிச்சமிருக்கும் கிருமி மறுபடி தலைதூக்கினா, ரத்தத் தட்டணுக்கள் குறைஞ்சு உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால, முழு கோர்ஸையும் குறைஞ்ச செலவுல முடிக்கிறதுதான் முக்கியம். அதுக்கு நம்ம ஏரியாவில் இருக்கும் வழிகளை ஒப்பிட்டுப் பார்ப்போம்.

1. அரசு கால்நடை மருந்தகம்

ஸ்ரீபெரும்புதூர் மாதிரி ஊர்களில் கால்நடை பராமரிப்புத் துறையின் மருந்தகங்கள் இருக்கு. மாட்டுக்கும் ஆட்டுக்கும் மட்டும்தான்னு நினைக்காதீங்க, நாய், பூனையையும் பார்ப்பாங்க. செலவு மிகக் குறைவு. ஒரே சிக்கல், இங்கே இருக்கும் மருந்துகள் பெரும்பாலும் ஆடு, மாடுகளை மனசுல வச்சு வாங்கினவை. உங்க சீட்டில் இருக்கிறது கிடைக்காமப் போகலாம். ஆனா, பரிசோதனைக்கும் ஊசிக்கும் முதல்ல இங்கே போனா, மிச்சமாகும் பணம் மாத்திரைக்கு உதவும்.

2. வேப்பேரி

1903-ல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை. சிறப்பு மருத்துவர்கள், ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் ஒரே வளாகத்தில் இருக்கு. தனியார் கிளினிக்கோட ஒப்பிட்டா கட்டணமும் குறைவு. ஆனா, ஒரகடத்திலிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டர். வண்டி வாடகையையும், ஒரு நாள் லீவையும் கணக்குல சேர்த்தாகணும். சாதாரண மாத்திரைக்காக போக வேண்டாம். நோய் என்னன்னே பிடிபடலைன்னா தயங்காம கிளம்புங்க.

3. தனியார் கிளினிக், பெட் ஷாப்

படப்பை, தாம்பரம் பக்கம் போனா டாக்டரைப் பார்த்த இடத்திலேயே மருந்தும் வாங்கிடலாம். வசதிதான். ஆனா, எம்.ஆர்.பி-யில் தள்ளுபடி எதிர்பார்க்க முடியாது. அவசரத்துக்கு ரெண்டு நாள் மருந்தை மட்டும் இங்கே வாங்கிட்டு, மிச்சத்துக்கு வேற இடத்துல விலை விசாரிக்கலாம். சீட்டைக் கேட்டு வாங்கிக்கிறது உங்க உரிமை, கூச்சப்படாதீங்க.

4. தெருமுனை மெடிக்கல், மக்கள் மருந்தகம், முதல்வர் மருந்தகம்

பலருக்குத் தெரியாத வழி இது. உண்ணிக் காய்ச்சலுக்குப் பெரும்பாலும் எழுதப்படும் டாக்ஸிசைக்ளின், மனுஷங்களுக்குக் கொடுக்கிற அதே மருந்துதான். அது அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறதால மத்திய அரசே உச்சவரம்பு விலை வச்சிருக்கு. ஜெனரிக்கா வாங்கினா செலவு இன்னும் குறையும். மத்திய அரசின் மக்கள் மருந்தகங்களிலும், 2025 பிப்ரவரியில் தமிழக அரசு திறந்த முதல்வர் மருந்தகங்களிலும் கேட்டுப் பாருங்க.

ஆனா, சீட்டில் பிராண்ட் பேர் மட்டும் இருந்தா, கடைக்காரர் தானா வேற பிராண்டை மாத்திக் கொடுக்க விதியில் இடமில்லை. அதனால டாக்டர்கிட்டயே, ‘சார், ஜெனரிக் பேர்ல எழுதிக் கொடுங்க. மெடிக்கல்ல கிடைக்கிற மருந்தா இருந்தாலும் சரி’ன்னு சொல்லுங்க. உரிமையாளரா உங்க பேரும் முகவரியும், டாக்டரின் கையெழுத்தும் தேதியும் சீட்டில் இருக்கணும்.

5. ஆன்லைன்

தொடர்ந்து கொடுக்க வேண்டிய இதய மருந்து, வலிப்பு மருந்து, உண்ணிக்கான ஸ்பாட்-ஆன் இதுக்கெல்லாம் ஆப்ல தள்ளுபடி கிடைக்கும். டெலிவரி சார்ஜையும் கூட்டிப் பாருங்க. சீட்டே கேட்காம ஆன்டிபயாடிக் அனுப்புற தளத்தை நம்பாதீங்க. 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டிய தடுப்பூசி, இன்சுலின் ரெண்டையும் பார்சல்ல வரவழைக்கவே கூடாது. நம்ம ஊரு வெயில்ல அது வீணாகிடும்.

விலையை ஒப்பிடுவது எப்படி?

அட்டை விலையைப் பார்க்காதீங்க, ஒரு மாத்திரை விலையைப் பாருங்க. உதாரணமா, ஆறு மாத்திரை 120 ரூபாய்னா ஒண்ணு 20 ரூபாய். பத்து மாத்திரை 150 ரூபாய்னா ஒண்ணு 15 ரூபாய்தான். மில்லிகிராம் ஒண்ணா இருக்கான்னும் பாருங்க. பெரிய மாத்திரையைப் பாதியா உடைச்சா சிக்கனம்தான். ஆனா, கேப்ஸ்யூலையும், மேல் பூச்சு உள்ள மாத்திரையையும் டாக்டரைக் கேட்காம உடைக்கக் கூடாது.

இதை மட்டும் செய்யாதீங்க!

மனுஷ மருந்து சில சமயம் பொருந்தும்னு சொன்னது, டாக்டர் எழுதினா மட்டும்தான். நீங்களா கொடுத்தா விபரீதம்.

* பாராசிட்டமால் பூனைக்கு விஷம். ஒரே மாத்திரை உயிரைப் பறிச்சிடும்.
* இபுப்ரோஃபென் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும்.
* சர்க்கரை இல்லாத சிரப்பில் சைலிட்டால் இருந்தா நாய்க்கு ஆபத்து.
* பெர்மெத்ரின் கலந்த, நாய்க்கான உண்ணி மருந்தைப் பூனை மேல தடவவே கூடாது.
* பூனைக்கு டாக்ஸிசைக்ளின் கொடுத்தா, உடனே கொஞ்சம் தண்ணியோ சாப்பாடோ கொடுங்க. மாத்திரை தொண்டைக்குக் கீழே சிக்கினா உணவுக்குழாய் புண்ணாகிடும்.

கடைசியா ஒண்ணு. கையில காசு இல்லைன்னா, மருந்தைப் பாதியில நிறுத்தாதீங்க, டாக்டர்கிட்ட நேரடியா சொல்லுங்க. ‘இவ்வளவுதான் முடியும், இதுக்குள்ள வேற மருந்து இருக்கா டாக்டர்?’னு கேட்டா, பல நேரம் விலை குறைஞ்ச மாற்று இருக்கும். இன்னிக்கே சீட்டை போட்டோ எடுத்து போன்ல வச்சுக்கோங்க. ஷிஃப்ட் முடிஞ்சு வர்ற வழியில ரெண்டு கடையில காட்டி விலை கேட்க அது போதும்.