மூலக்கூற்றுச் சூத்திரம் துணிதல்

ஒரு சேர்வையிலுள்ள மூலகங்களின் எளிய அணு விகிதமே அனுபவச் சூத்திரம். மூலர்த்திணிவை அனுபவச் சூத்திரத்தின் திணிவால் வகுத்தால் ஒரு முழுவெண் வரும். விகிதத்தை அந்த எண்ணால் பெருக்க, ஒரு மூலக்கூறில் உண்மையாக உள்ள அணுக்களின் எண்ணிக்கை, அதாவது மூலக்கூற்றுச் சூத்திரம், கிடைக்கும்.

கல்முனைப் பக்கத்தில் இதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை. சட்டித் தயிரின் புளிப்புக்குக் காரணமான இலற்றிக்கமிலத்தில் திணிவுப்படி காபன் 40.0%, ஐதரசன் 6.7%, ஒட்சிசன் 53.3%. முறையே 12, 1, 16 ஆல் வகுத்தால் 1:2:1; சூத்திரத்திணிவு 30. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. வினாகிரியின் அசற்றிக்கமிலம், குளுக்கோசு, போமலினிலுள்ள போமல்டிகைட்டு ஆகியவற்றுக்கும் அதே சதவீதங்கள்தாம். பிரித்துக் காட்டுவது மூலர்த்திணிவு மட்டுமே: போமல்டிகைட்டு 30, அசற்றிக்கமிலம் 60, இலற்றிக்கமிலம் 90, குளுக்கோசு 180. ஆகவே பெருக்கும் எண்கள் 1, 2, 3, 6. தயிர் அமிலத்தின் மூலக்கூறில் காபன் 3, ஐதரசன் 6, ஒட்சிசன் 3.

புளித்த பாலிலிருந்து இந்த அமிலத்தை ஷீலே 1780இல் பிரித்தெடுத்தார். சேதனச் சேர்வைகளை எரித்துச் சதவீதம் காண்பதை லீபிக்கின் 1831ஆம் ஆண்டுக் கருவி அன்றாட வேலையாக்கியது. அந்த முழுவெண்தான் எளிதில் பிடிபடவில்லை. ஒரே வெப்பநிலையிலும் அமுக்கத்திலும் சம கனவளவு வாயுக்களில் சம எண்ணிக்கை மூலக்கூறுகள் உள்ளன என்று அவகாதரோ 1811இலேயே சொல்லியிருந்தார். அப்படியானால் சம கனவளவு ஆவிகளின் திணிவு விகிதமே அவற்றின் மூலக்கூறுகளின் திணிவு விகிதம். அதை நம்பி 1826 முதல் ஆவிகளை நிறுத்துப் பார்த்த தூமாவுக்குக் குழப்பமே மிஞ்சியது. இரசம் எதிர்பார்த்ததில் பாதி காட்டியது. பொசுபரசு இரு மடங்கு, கந்தகம் மூன்று மடங்கு. மூலக வாயு என்றால் மூலக்கூறுக்கு இரண்டு அணு என்றே அவர் எண்ணியிருந்தார். உண்மையில் அந்த ஆவிகளில் முறையே 1, 4, 6 அணுக்கள். அளவீடு சரி, எதிர்பார்ப்புத்தான் பிழை; ஆனாலும் பழி அவகாதரோமீது விழுந்தது.

விளைவாக, நீரின் சூத்திரத்தில்கூட உடன்பாடு இல்லாமற்போனது. அசற்றிக்கமிலத்துக்கு வழங்கிய 19 சூத்திரங்களைக் கெக்கூலே 1861இல் தம் பாடநூலில் வரிசைப்படுத்திக் காட்டினார். 1860 செப்டெம்பரில் கார்ல்ஸ்ரூவில் கூடிய இரசாயனவியலாளர் மாநாட்டில், அவகாதரோவை ஆதரித்துக் கனிசாரோ எழுதிய சிறுநூல் கைக்குக் கை போன பிறகே அவகாதரோவின் கருத்துக்கு மதிப்பு வந்தது.

ஆவியை நிறுக்கும் வழி எல்லாவற்றுக்கும் உதவாது: குளுக்கோசு ஆவியாகுமுன் கருகிவிடும். அத்தகைய பொருள்களுக்கு, கரைசலின் உறைநிலைத் தாழ்விலிருந்து திணிவு காணும் வழியை ரவுல் 1880களில் திறந்தார். அதிலும் ஒரு பொறி உண்டு: பென்சீனில் அசற்றிக்கமிலம் 120க்கு அருகில் காட்டும், இரண்டிரண்டாகப் பிணைந்துகொள்வதால். இன்றைய ஆய்வுகூடங்களில் இந்த வேலை திணிவுத் திருசியமானிக்குரியது.

உயர்தர இரசாயனவியல் வினாக்களில் மூலர்த்திணிவு பெரும்பாலும் ஒரு வரியில் தரப்பட்டுவிடும். ஆவியின் திணிவு, அமுக்கம், கனவளவு, வெப்பநிலை ஆகியவற்றைத் தந்து மாணவரையே அதைக் காணச் சொல்லும் வினாவும் உண்டு. கணக்கு வடிவில் அது தூமாவின் பரிசோதனையேதான்.