இடிக்கத் தொடங்கிய கட்டடத்தை நிறுத்திய கோர்ட்: சென்னை பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தின் கதை என்ன?

சென்னை அண்ணா சாலையில் போகும்போது, சிவப்புச் செங்கல், கூரான கோபுரங்களோடு சிதைந்து நிற்கும் ஒரு கட்டடம் கண்ணில் படும். அதுதான் பாரத் இன்சூரன்ஸ் கட்டடம். பழைய பெயர் கார்டில் பில்டிங். 2006-ல் இதை இடிக்க ஆரம்பித்தார்கள். ஆனால் முடியவில்லை. ஏன்?

யார் கட்டியது?

மருந்து வியாபாரம் செய்த டபிள்யூ.இ.ஸ்மித் நிறுவனம், தன் ஷோரூமுக்காக 1897-ல் கட்டியது. வடிவமைத்தவர் ஜே.எச்.ஸ்டீபன்ஸ்.

இதில் என்ன ஸ்பெஷல்?

இது இந்தோ-சராசனிக் பாணி. முகலாய வளைவு, மினார், குவிமாடம் ஆகியவற்றை ஐரோப்பியக் கட்டுமான முறையோடு கலப்பதே இந்தப் பாணி. சென்னை உயர் நீதிமன்றமும் இதே பாணிதான். அரசு கட்டடங்களில் அதிகம் பார்த்த இந்த அலங்காரத்தை, ஒரு கடைக்காரர் தன் கடைக்கே செய்து பார்த்தார் என்பதுதான் இங்கே விஷயம்.

எல்.ஐ.சி. கைக்கு வந்தது எப்படி?

லாகூரைச் சேர்ந்த பாரத் இன்சூரன்ஸ் கம்பெனி 1934-ல் இதை வாங்கியது. 1956-ல் ஆயுள் காப்பீடு தேசியமயமானதும், கட்டடம் எல்.ஐ.சி.யிடம் போனது.

இடிக்கப் பார்த்தது ஏன்?

கட்டடம் பாதுகாப்பானது இல்லை என்றது எல்.ஐ.சி. 2006-ல் இடிப்பு வேலை தொடங்கி, சில பகுதிகள் போயின. பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக் வழக்குப் போட, நீதிமன்றம் தடை விதித்தது.

தீர்ப்பு என்ன?

இங்கேதான் ட்விஸ்ட். சென்னையில் விளம்பரப் பலகைகளை அகற்றும் வழக்குக்காக அமைக்கப்பட்டது நீதிபதி பத்மநாபன் கமிட்டி. பலகைகள் மறைக்கக் கூடாத பாரம்பரியக் கட்டடங்கள் என அது ஒரு பட்டியல் போட்டது. அதில் இந்தக் கட்டடமும் இருந்தது. பட்டியலில் உள்ளதை இடிக்கக் கூடாது என 2010-ல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாரம்பரியப் பாதுகாப்புக் குழு அமைக்கவும் உத்தரவிட்டது.

அடுத்தது என்ன?

தீர்ப்பால் இடிப்பு நின்றது. ஆனால் சீரமைப்பு நடக்காமலே பல ஆண்டுகள் ஓடிவிட்டன. மழைநீர் இறங்கி, சுவரில் செடி வேர்விட்டால் பழைய செங்கல் கட்டடம் தானாகவே பெயரும். புல்டோசரைத் தடுக்க ஒரு உத்தரவு போதும். மழையைத் தடுக்கப் பராமரிப்புதான் வேண்டும்.